பல் பதிந்த இடம்

என் அக்காவின் வலது கட்டைவிரலில் ரேகை இல்லை. பிறவிக் குறை அல்ல. பதினான்கு வருடமாகப் பல்செட்டுகளை ஈரமான நுரைக்கல் பொடியில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியதில், பற்களோடு சேர்ந்து விரலும் வழுவழுப்பாகிவிட்டது. அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் வருகைப் பதிவுக்குக் கைரேகை மெஷின் வைத்த அன்று எல்லாருக்கும் பச்சை விளக்கு எரிந்தது. அக்காவுக்கு மட்டும் சிவப்பு. மூன்று முறை விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தும் சிவப்புதான். "ஆள் நேர்ல நிக்கிறாங்க, ஆனா வரலைன்னு சொல்லுது" என்றாளாம் வரவேற்பு மேசைப் பெண். கடைசியில் இடது கை மோதிர விரலை வைத்து உள்ளே போனதாக அக்கா வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா பத்தாம் வகுப்போடு நின்று அந்த வேலைக்குப் போனதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த விரல் தேய்ந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

அக்காவுக்குக் கீறல் என்றால் ஆகாது. எதில் கீறலைப் பார்த்தாலும் கை பரபரக்கும். எங்கள் வீட்டுக் குழாயில் முகம் பார்த்துத் தலை வாரலாம். "பாத்திரத்தைத் தேய்க்கச் சொன்னா ஓட்டை போட்டுத்தான் வைப்பா" என்று அம்மா சொல்வாள். அக்கா செய்த பல்செட்டுகளை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்ததுபோல மின்னும்.

மருத்துவமனையின் பின்பக்கம், எக்ஸ்ரே அறைக்கு அடுத்து, ஒரே ஜன்னல் உள்ள அறைதான் அவளுடைய லேப். இரண்டு மேசை, ஒரு பாலிஷ் மோட்டார், ஒரு சின்ன காஸ் அடுப்பு, சுவரோரம் அலமாரி முழுக்க பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள். படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த மாதங்களில், மதியச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் நான் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் இருந்தால் அக்கம்பக்கத்தார் "இன்னும் எதுவும் கிடைக்கலையா?" என்பார்கள். அந்தத் தாடைகள் எதுவும் கேட்காது.

லேப்பை நடத்திவந்த மாஸ்டர், மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி வேலையை விட்டிருந்தார். அந்த இடத்தை அக்காவுக்குக் கொடுப்பதா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அக்காவிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. டிப்ளமா முடித்த ஒருவரைப் பேசிவைத்திருப்பதை அவர் மறைக்கவும் இல்லை. கார்டு ஐயா என்ற நோயாளியின் பல்செட்டை முதலிலிருந்து கடைசிவரை அக்கா தனியாகச் செய்ய வேண்டும், அது சரியாக அமைந்தால் அந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். அமையாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

கார்டு ஐயா ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பல் எல்லாம் போய் ஆறேழு வருடமாகச் செட் போட்டிருந்தார். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தும்மல் தும்மியதில் அந்தச் செட் வெளியே பறந்துவிட்டது. பின்னால் வந்த லாரி அதன்மேல் ஏறிப் போனதாகவும், லாரிக்காரன் ஹாரன்கூட அடிக்கவில்லை என்றும் சொல்லி வருத்தப்பட்டார். பழைய செட் இருந்திருந்தால் அதைப் பார்த்து அவருடைய கடியைக் கண்டுபிடித்திருக்கலாம். இப்போது ஒன்றும் இல்லை. மேல் தாடையும் கீழ்த் தாடையும் எங்கே சந்திக்கின்றன என்று பார்க்க, டாக்டர் மெழுகு வைத்துக் கடிக்கச் சொன்னார். கார்டு ஐயா நாற்காலியில் விறைப்பாக நிமிர்ந்து, அணிவகுப்பில் நிற்பவர்போலக் கடித்தார். அந்தக் கடியை வைத்து அக்கா செய்த செட் பார்க்க அழகாக இருந்தது. ஒரு வாரத்தில் திரும்பி வந்தது.

"பேசினா எனக்கே ரயில் பெட்டி கோக்குற சத்தம் கேக்குதும்மா" என்றார். இடது பக்கம் முந்திக்கொண்டு இடித்தது. அதைவிட அவருக்குப் பெரிய குறை, அவர் புகை பிடிக்கும் பைப் வாயில் நிற்கவில்லை. புகையிலையை விடச் சொல்லி டாக்டர் முன்பே பலமுறை சொல்லிப் பார்த்தவர். நாளுக்கு ஒன்று என்று கார்டு ஐயா குறைத்துக்கொண்டதோடு அந்தப் பேச்சு நின்றிருந்தது. வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லி அனுப்பினார்கள். போகும்போது அவர் பைப்பை நாற்காலியின் கைப்பிடியிலேயே மறந்துவிட்டுப் போனார்.

வரவேற்பு மேசைப் பெண் அதை ஒரு காகிதத்தில் சுற்றி லேப்பில் கொண்டுவந்து வைத்தாள். நான் ஒரு பைப்பை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. கிண்ணம்போன்ற மரப் பகுதி செம்பழுப்பு நிறம். விளிம்பு முழுக்கக் கருகியிருந்தது. உள்ளே சுவரில் கரி அப்பியிருந்தது. வாயில் வைக்கும் தண்டு கடின ரப்பர். கறுப்பாக இருந்திருக்க வேண்டியது பாசி படிந்ததுபோலப் பச்சையும் மஞ்சளுமாக வெளிறியிருந்தது. அதன் நுனியில், மேலே ஒன்றும் கீழே இரண்டுமாகப் பல் பதிந்த குழிகள்.

அக்காவுக்குக் கை பரபரத்தது. "இதை வாயில வச்சுக்கிட்டா இருக்கார்?" என்றாள். பாவம், மனுஷன் வியாழக்கிழமை வரும்போது இதையாவது நன்றாகச் செய்து கொடுப்போம் என்றாள். நான் உடனே போனை எடுத்தேன். அரை மணி நேரத்தில் பைப் பழுதுபார்ப்பதில் நான் பெரிய ஆள் ஆகிவிட்டேன். பச்சை நிறம் போக எந்த அளவு உப்புத்தாள், விளிம்பின் கருகலை எப்படிச் சுரண்டுவது, எல்லாம் படித்துச் சொன்னேன். கடின ரப்பரில் பல் பதிந்த குழியை லேசான சூட்டில் காட்டினால் அது தானாக மேலெழும்பிவிடும் என்பதையும் சொன்னேன். அந்த இடத்தில் மட்டும் அக்கா தயங்கினாள்.

"இதையுமா? இது அழுக்கு இல்லையே."

"செய்யறதுன்னா முழுசா செய்யணும்கா. எல்லா வீடியோவுலயும் எடுக்குறாங்க."

"பட்டதாரியம்மா சொன்னா சரி" என்றாள்.

அவள் அதைக் கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் கேட்டாள். அக்கா எப்போதும் நான் சொன்னால் கேட்பாள். அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. தண்டைச் சுடரின் மேல் காட்டித் திருப்பினாள். குழிகள் கண்ணெதிரே மெல்ல நிரம்பின. மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்து, துணிச் சக்கரத்தில் பிடித்தாள். கிண்ணத்துக்குள் இருந்த கரியை வெறும் மரம் தெரியும்வரை சுரண்டினாள். மாலையில் அது கடையில் இருந்து வந்ததுபோல இருந்தது. எங்கள் இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை அக்கா அதை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து நீட்டினாள். கார்டு ஐயா நெடுநேரம் பார்த்தார்.

"இது யாரோடது?"

"உங்களோடதுதான் ஐயா. சுத்தம் பண்ணி வச்சேன்."

அவர் கோபப்படவில்லை. கட்டைவிரலால் தண்டின் அடிப்பக்கத்தைத் தடவினார். எதையோ தேடுவதுபோல மறுபடி தடவினார். பிறகு வாயில் வைத்துக் கையை எடுத்தார். பைப் வழுக்கி மடியில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

"இருபது வருஷமா இதுல ஒரு குழி இருந்துச்சும்மா. பல்லு அதுல போய் உட்கார்ந்துட்டா அப்புறம் கையே வேணாம். ஒரு கையில கொடி, ஒரு கையில விளக்கு, இது பாட்டுக்கு வாயில நிக்கும். பல்லு போயி செட்டு வந்தப்போ அந்தச் செட்டும் அதே குழியிலதான் உட்கார்ந்துச்சு."

அக்காவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவர் மனம் நொந்ததற்காக மட்டும் இல்லை என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. லேப்புக்குள் வந்ததும் மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"அவர் வாய் மொத்தமும் அதுல இருந்துச்சுடி. மெழுகுல பொய்யா கடிச்சார். பைப்புல நிஜமா கடிச்சிருந்தார். தேடிக்கிட்டு இருந்த கடியைக் கையில வச்சுக்கிட்டே நான் வழிச்சுத் தேய்ச்சிட்டேன்."

அவள் அதை அப்படியே போய் டாக்டரிடமும் சொன்னாள். டாக்டர் சத்தம் போடவில்லை. பைப்பைத் தொடச் சொன்னது யார் என்று மட்டும் கேட்டார். "நான்தான் டாக்டர், என் புத்திதான்" என்றாள் அக்கா. அடுத்த சனிக்கிழமைவரை பார்ப்பதாகவும், நடுவில் திங்கட்கிழமை அந்த டிப்ளமாக்காரர் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றும் டாக்டர் சொன்னார். நான் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். சொன்னது நான் என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று வருடம் கல்லூரி மேடைகளில் பேசிப் பரிசு வாங்கிய வாய் அது.

கார்டு ஐயாவிடம் வேறு பைப்புகளும் இருப்பதாக வரவேற்பு மேசைப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா அவர் வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் போனேன். இரண்டாவது மாடியில் ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, சமையலுக்கு ஒரு மூலை. சுவரில் பழைய ஜன்னல் சட்டத்தை அறுத்து அவரே செய்த மரத்தாங்கியில் ஆறு துளைகள். நான்கில் பைப்புகள் தலைகீழாக நின்றன. எங்கள் கைவேலை மேசைமேல் தனியாகக் கிடந்தது. மற்றவற்றுக்குப் பக்கத்தில் அது வெளியூர் விருந்தாளி மாதிரி இருந்தது.

நாங்கள் போனபோது அவர் முந்தின நாள் பிடித்த ஐந்தாவது பைப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பஞ்சு சுற்றிய கம்பியை ஒரு முனையில் விட்டு மறு முனையில் இழுத்தார், பழுப்பாக வந்தது. இன்னொன்று விட்டார். ஒரு பைப்பை ஒரு நாள் பிடித்தால் ஐந்து நாள் சும்மா விட வேண்டுமாம். மரம் ஈரத்தை விட்டுக் காய வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும் என்றார். சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றக் கூடாது. ஒருமுறை வண்டி கிளம்பும் அவசரத்தில் அப்படிக் கழற்றி, ஒரு பைப்பின் கழுத்தில் விரிசல் விட்டிருந்தது. அந்த இடத்தில் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருந்தார். கிண்ணத்துக்குள் இருக்கும் கரியை ஒரு நாணயத்தின் கனத்துக்கு மேல் வளரவிடாமல் கத்தி முனையால் சுரண்டுவாராம். முழுவதும் எடுத்தால் நெருப்பு மரத்தைத் தின்றுவிடும். அதைச் சொல்லும்போது மேசைமேல் இருந்ததைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். அவருடைய மரியாதை அது.

அப்போதுதான் நான் சொன்னேன். தண்டின் குழியை எடுக்கச் சொன்னது அக்கா இல்லை, நான்; போனில் பார்த்துச் சொன்னேன்; அக்கா வேண்டாம் என்றுதான் நினைத்தாள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கார்டு ஐயா கம்பியைக் கீழே வைத்தார்.

"நீயா? அவங்கன்னு நினைச்சுல்ல திட்டாம விட்டேன். நீன்னு தெரிஞ்சிருந்தா நாலு வார்த்தை திட்டியிருப்பேனே."

"இப்பத் திட்டுங்க ஐயா."

"சூடு ஆறிப் போச்சு. வேற ஏதாவது பண்ணு, சேர்த்துத் திட்டறேன்."

அக்கா எங்கள் பேச்சைக் கவனிக்கவில்லை. ஐந்து பைப்புகளின் தண்டுகளையும் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து அந்த ரேகையில்லாத கட்டைவிரலால் குழிகளைத் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டாள். தேய்த்துப் போக்குவதற்கே பழகிய விரல் அது. தேய்ந்ததைப் படிக்கவும் அதற்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளுக்கே தெரிந்திருந்ததா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

"இது உங்க சொந்தப் பல்லு" என்றாள். "இதுல மேல் பல்லு ஒண்ணு ஓரத்துல உடைஞ்சிருந்திருக்கு. இது அந்தப் பல்லைப் பிடுங்கினதுக்கு அப்புறம். இன்னும் உள்ள தள்ளிப் பிடிச்சிருக்கீங்க. இது ரெண்டும் செட்டு."

கார்டு ஐயா வாயைத் திறந்தபடி பார்த்தார். "கை பார்த்துச் சொல்றவங்களைக் கண்டிருக்கேன். பைப் பார்த்துச் சொல்றாங்களே."

எல்லாவற்றிலும் ஒன்று மட்டும் மாறவில்லை என்றாள் அக்கா. நடுவிலிருந்து இரண்டு விரற்கடை இடது பக்கம். குழிகள் நேராக இல்லாமல் சாய்ந்திருந்தன. அதாவது அவர் இயல்பாக இருக்கும்போது கீழ்த் தாடை கொஞ்சம் முன்னால் வந்து இடது பக்கம் ஒதுங்குகிறது. ஆனால் எவ்வளவு ஒதுங்குகிறது என்பதைப் பழைய குழிகள் சொல்லாது; ஈறு அதற்குப் பிறகு நிறையத் தேய்ந்துவிட்டது. அக்கா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். அவருடைய மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் செய்த தட்டுகள், மேலே புது மெழுகு வைத்து. அந்த மெழுகைச் சுடுதண்ணீரில் காட்டி இளக்கினாள்.

"வாய்க்குள்ள கை வைக்கிறது டாக்டர் வேலை. நீங்களே மாட்டிக்குங்க ஐயா."

அவர் மாட்டிக்கொண்டு, உடனே நிமிர்ந்து உட்கார்ந்து கடிக்கத் தயாரானார்.

"கடிக்காதீங்க. பைப்பைப் பிடிங்க, அவ்வளவுதான். பிடிச்சுக்கிட்டே எனக்கு ஒரு வண்டி எப்படிக் கிளம்பும்னு சொல்லுங்க."

செம்புக் கம்பி சுற்றிய பைப்பைப் புகையிலை இல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு அவர் சொல்ல ஆரம்பித்தார். கடைசிப் பெட்டியில் நின்று முன்னால் எட்டிப் பார்ப்பது, கதவில் தொங்குபவனை உள்ளே போகச் சொல்லிக் கத்துவது, கொடியை அசைத்த பிறகும் வண்டி நகராமல் நிற்கும் அந்தச் சில நொடிகள். பேசப் பேசத் தோள் தளர்ந்தது. தாடை மெல்ல இடது பக்கம் நழுவிப் போய் ஒரு இடத்தில் உட்கார்ந்ததை நானே பார்த்தேன். இளகிய மெழுகு அதை வாங்கிக்கொண்டது.

திங்கட்கிழமை அந்த டிப்ளமாக்காரர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான பேச்சு. அலமாரித் தாடைகளை எண்ணிப் பார்த்தார். ஜன்னல் ஒன்றுதானா என்று கேட்டார். அவரிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என்னைப்போலவே சான்றிதழோடு வேலை தேடி வந்தவர். செவ்வாய்க்கிழமை டாக்டர் கார்டு ஐயாவை வரவழைத்து, மெழுகின் கடியைத் தன் கையால் சரிபார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, முதலில் எடுத்த அளவு தவறு என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். அதன்படி செய்ய அனுமதித்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் செட் முடிந்தது. ஒரு கீறல் கிடையாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா சும்மா உட்கார்ந்திருந்தாள். கடி சரியாகிவிட்டது, ஆனால் அந்த வழுவழுப்பில் பைப் நிற்காது. இடது பக்கம் மேலும் கீழுமாக இரண்டு பற்களில் தண்டு உட்காரும்படி ஆழமில்லாத பள்ளம் போட வேண்டும். அவள் கையால், அவளே முடித்த வேலையில். டாக்டர் அதைப் பழுது என்று சொன்னால் அத்தோடு சரி.

"போடலாமாடி?" என்று என்னைக் கேட்டாள்.

வழக்கம்போல ஏதோ ஒன்றைச் சொல்லிவிட வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியலக்கா. உனக்குத்தான் தெரியும்."

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு சின்னக் கல்முனையை மோட்டாரில் மாட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் பல்லில் வைத்தாள். வெள்ளைத் தூசி பறந்தது.

சனிக்கிழமை டாக்டர் அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. செட்டை விளக்கில் பிடித்து, "இது என்னம்மா, தேஞ்ச மாதிரி இருக்கு?" என்றார்.

"அவர் பைப் பிடிச்சுத் தேய்க்கப்போறதுதான் டாக்டர். நான் முன்னாடியே போட்டு வச்சிருக்கேன்."

டாக்டர் பதில் சொல்லுமுன் கார்டு ஐயா செட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பைப்பை எடுத்தார். நாங்கள் தேய்த்துப் பாழாக்கிய அதே பைப். வேண்டுமென்றே அதைத்தான் கொண்டுவந்திருந்தார் என்று நினைக்கிறேன். வாயின் இடது ஓரத்தில் வைத்து, இரண்டு கைகளையும் எடுத்துக் கொடி பிடிப்பதுபோல உயர்த்தினார். பைப் நின்றது.

"வண்டி கிளம்பலாம்" என்றார். கோக்குற சத்தம் கேட்கவில்லை.

டாக்டர் கடித்தால் நிறம் பதியும் தாளை வைத்துச் சரிபார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே சீராகப் பதிந்தது. கையைக் கழுவிக்கொண்டே வரவேற்பு மேசைப் பெண்ணிடம், அந்த டிப்ளமாக்காரருக்குப் போன் போட்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லும்படி சொன்னார். மற்றபடி பாராட்டு எதுவும் இல்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

லேப் கதவுக்கும் ஒரு கைரேகைப் பூட்டு வந்தது. பொறுப்பாளருக்கு மட்டும் திறக்கும். அக்கா இடது மோதிர விரலைத்தான் கொடுத்தாள். "அதையாவது பத்திரமா வச்சுக்க" என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

எனக்கு வேலை கிடைத்துச் சேர்வதற்கு முந்தின வாரம் கார்டு ஐயா செட்டைக் காட்ட வந்தார். பைப்பை எடுத்து மேசையில் வைத்தார். தண்டின் நுனியில் பச்சை லேசாகத் திரும்பியிருந்தது. கிண்ணத்தின் விளிம்பில் கருகல். அடிப்பக்கத்தில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும்படி இரண்டு சின்னப் பதிவுகள். அக்கா பழக்கத்தில் ஒரு கையால் பைப்பையும் மறு கையால் பாலிஷ் துணியையும் எடுத்துவிட்டாள். கார்டு ஐயா பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா துணியைப் பார்த்தாள், பைப்பைப் பார்த்தாள். துணியால் தன் மூக்கில் ஒட்டியிருந்த மாவுத் தூசியைத் துடைத்துக்கொண்டு, பைப்பை அப்படியே அவரிடம் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குழாயைத் தேய்த்தாள்.